புல்லு தேடி வந்த குதிரையும் யுத்தம் தேடி வந்த அம்பியும்

அம்பி, உன் பையைத் தூக்கித் திண்ணைல வெக்கறதுக்குள்ள என் தோள்பட்டை எறங்கிடுத்து. உள்ள என்னடான்னா லென்ஸுங்கறே. எண்ணிப் பார்த்தேன், ஆறு இருக்கு. கோழிக்கோட்டு ராஜா சாமூதிரியை அடக்க ஹைதர் அலி இந்தப் பக்கம் மொதமொதல்ல பட்டாளம் அனுப்பினப்போ அஞ்சு பீரங்கிதான் வந்துதாக்கும். அஞ்சுக்கே மலபார் ஆடிப்போச்சு. நீ ஆறோட வந்திருக்கே. எந்த ராஜ்ஜியத்தைப் புடிக்கப் போறயோ, பகவானுக்குத்தான் வெளிச்சம்.

பழைய யுத்தபூமில குதிரை மேயறதைப் படம் எடுக்கணும், அவ்வளவுதானே? அதுக்கு ஏதோ ஐரோப்பாவுக்கே போகணும்னு உங்கம்மா கிட்ட மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டயாம். பாஸ்போர்ட் வேண்டாம்டா. இங்கே கல்பாத்திலேர்ந்து ஒரு ஆட்டோவைப் புடிச்சு பாலக்காட்டுக் கோட்டை மைதானம்னு சொல்லு. டவுன் ஹாலுக்கும் கோட்டைக்கும் நடுவுல பரந்து கெடக்கே, அதுதான். திப்புவோட ஆனையும் குதிரையும் கட்டி வெச்சிருந்த எடம்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவா. இப்போ கிரிக்கெட்டு, பொருட்காட்சி, கட்சி மீட்டிங். எப்பவாவது சாயங்காலம் ரெண்டு குதிரை மேயும். உனக்கு வேண்டிய யுத்தமும் குதிரையும் ஒரே எடத்துல, ஒரே ஆட்டோ சார்ஜுல.

அங்கே என்ன யுத்தம்னு தெரியாம போயி நிக்காதே. கேளு. 1757-ல பாலக்காட்டு ராஜா கோம்பி அச்சனுக்கு சாமூதிரியால தாங்க முடியாத உபத்திரவம். அப்போ திண்டுக்கல்ல மைசூருக்கு பௌஜ்தாரா இருந்தவன் ஹைதர். அவன் கிட்ட ஒத்தாசை கேட்டு ஆள் போச்சு. ஹைதர் தன் மச்சினன் மக்தூமை அனுப்பினான். 2,000 குதிரை, 5,000 காலாள், நான் சொன்ன அந்த அஞ்சு பீரங்கி. சாமூதிரி பயந்து, படையைத் திருப்பிண்டு போங்கோ, 12 லட்சம் ரூபா தரேன்னு ஒத்துண்டான். ஒத்துண்டதோட சரி, காசு வரலை. 1766-ல ஹைதர் வசூலுக்குத் தானே கெளம்பி வந்தான். மலபாரே அவன் கைக்குப் போச்சு. ஒத்தாசைக்குன்னு வந்தவா திரும்பிப் போற வழக்கம் நம்மூர்ல கெடையாது, கேட்டயோ. நீயும் ரெண்டு நாள்னு சொல்லித்தானே வந்தே?

கோட்டையை இப்போ நிக்கற ரூபத்துல கட்டினது அதே 1766-ல, ஹைதர்தான். ஆனா ஊர்ல யாரைக் கேட்டாலும் திப்பு கோட்டைம்பா. கட்டினது அப்பன், பேரு புள்ளைக்கு. இங்கே நாலு அக்ரஹாரத்துலயும் அதுதானே நடக்கறது, அதனால எனக்கு ஆச்சரியமில்லை. 1768-ல கர்னல் வுட்னு ஒருத்தன் புடிச்சான். கொஞ்ச மாசத்துல ஹைதர் திரும்ப எடுத்துண்டான். 1783 நவம்பர்ல கர்னல் ஃபுல்லர்ட்டன் வந்து சூழ்ந்துண்டான், 11 நாள் முற்றுகை. ஒரு ராத்திரி பேய்மழை. வெளிக்காவல்ல நின்னவா மழைக்கு ஒதுங்கினா. அந்த நேரம் பார்த்து கேப்டன் மெயிட்லேண்ட் ஆளுகளோட உள்ள பூந்துட்டான். நவம்பர்ல பாலக்காட்டுல மழை வருமான்னு, அந்த மாசம் நம்ம கல்பாத்தித் தேர் வடம் புடிக்கறவா யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பா. புடிச்ச கோட்டையை அடுத்த வருஷமே விட்டுட்டுப் போனா. கடைசியா 1790-ல கர்னல் ஸ்டூவர்ட் வந்தான், அதோட பிரிட்டிஷ்காரா கையில நெலைச்சுது. அங்கேர்ந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் படை போச்சு.

இதெல்லாம் தெரிஞ்சுண்டு அங்கே போயி நின்னயானா, ஒண்ணும் தெரியாது. அதுதான் தமாஷ். அகழியில தண்ணி, கருங்கல் சுவரு, நுழையற எடத்துல ஆஞ்சநேயர் கோவில், சுத்தி நடக்கற சர்க்கரை வியாதிக்காரா. ரொம்ப வருஷம் உள்ளயே ஜெயில் வேற இருந்தது. யுத்தம் எங்கேன்னு தேடினா கெடைக்காது. எந்த யுத்தபூமியும் அப்படித்தான். சண்டை முடிஞ்சு ரெண்டு மழை பேஞ்சா புல்லு மொளைச்சுடும். அப்பறம் அது மாட்டுக்கும் குதிரைக்கும் சொந்தம். நீ என்ன பண்ணப் போறே, சொல்லட்டுமா? குதிரை தலையைத் தூக்கற வரைக்கும் காத்துண்டிருந்து, ஆகாசத்தைக் கறுப்பாக்கி, கீழ ‘வரலாற்றின் சாட்சி’ன்னு எழுதி ஃபேஸ்புக்ல போடுவே. நூறு பேர் கும்பிடு போடுவா. குதிரை எதுக்கும் சாட்சி இல்லை. அது போன வாரம் கோயமுத்தூர்லேர்ந்து வந்ததா இருக்கும்.

நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. குதிரைப்படைன்னா உனக்கு எது ஞாபகம் வரது? வாளு, கொடி, பாய்ச்சல். சினிமா பார்த்துக் கெட்டுப்போன தலைமுறை. ஒரு குதிரை ஒரு நாளைக்குப் பச்சைப்புல் 25 கிலோவாவது திங்கும். மக்தூம் கொண்டுவந்தது 2,000 குதிரை. கணக்குப் போடு. 50,000 கிலோ. இந்தக் காலத்து லாரி ஒண்ணுல 10 டன் ஏத்தினா தினம் அஞ்சு லாரி புல்லு வேணும். தண்ணி தலைக்கு 30 லிட்டர்னு வெச்சா 60,000 லிட்டர். வேனல் காலத்துல நம்ம தெருவுக்கு ஒரு டாங்கர் வரவெக்கவே கவுன்சிலர் வீட்டுப் படியேற வேண்டியிருக்கு. இதுக்கு மேல முதிரை, அதுதான் கொள்ளு, தினமும் வேகவெச்சோ ஊறவெச்சோ குடுக்கணும். நம்மாத்துல முதிரை ரசம் வெச்சா, குதிரைக்குப் போடறதை எனக்குப் போடறேளான்னு மூஞ்சியைச் சுளிக்கறயே. ஒரு சாம்ராஜ்யம் அந்த முதிரைலதான் நின்னுண்டிருந்தது.

கம்பெனிப் பட்டாளத்துல கணக்கு எப்படின்னா, ஒரு குதிரைக்கு மேல உக்காரறவன் ஒருத்தன், தேச்சுக் குளிப்பாட்டறதுக்குக் குதிரைக்காரன் ஒருத்தன், புல்லறுக்கறதுக்கு இன்னொருத்தன். புல்லறுக்கறவன் ஜோலி லேசில்லை. மழை இல்லாத காலத்துல தரையோட ஒட்டிண்டிருக்கற அருகம்புல்லை வேரோட செதுக்கி எடுத்து, மண்ணை உதறி, கட்டாக் கட்டித் தலைல சுமந்துண்டு வரணும். சத்துருவோட குதிரைப்படை கண்ணுல பட்டான்னா தலை போயிடும். அவன் கையில துப்பாக்கி கெடையாது, ஒரு சின்னச் செதுக்கிதான். நம்ம மந்தக்கரைப் பிள்ளையாருக்கு மாலை கட்டறமே, அதே அருகம்புல்லுக்காக செத்தவா எத்தனை பேரோ. சிலை யாருக்கு வெச்சிருக்கா? குதிரை மேல உக்காந்தவனுக்கு.

அதனாலதான் சொல்லறேன், நீ அங்கே போயி புலம்புவே, ‘தாத்தா, குதிரை தலையே தூக்க மாட்டேங்கறது, தின்னுண்டே இருக்கு’ன்னு, அதுதாண்டா யுத்தம். அந்த மைதானத்துல குதிரை தலையைக் குனிஞ்சு மேயறதை விட நெசமான சரித்திரப் படம் உனக்குக் கெடைக்காது. இங்கே கட்டியிருந்த குதிரைகள் பொழுது முழுக்கச் செஞ்ச காரியம் அது ஒண்ணுதான். பாஞ்சது எப்பவோ ஒரு நாழிகை. சும்மா விட்டா ஒரு நாளைக்குப் பதினஞ்சு பதினாறு மணி நேரம் மேயற ஜந்து அது. நீ வேலைல சேந்தா அத்தனை நேரம் உக்காருவயா?

மெயிட்லேண்ட் உள்ள பூந்த மழையைச் சொன்னேனே, அதுல இன்னொரு மழை ஞாபகம் வரது, இதையும் கேட்டுக்கோ. 1766-ல ஹைதர் மலபாரைப் புடிச்சுட்டு கோயமுத்தூர்ல போயி எளைப்பாறினான். மழை எறங்கினதும் இங்கே நாயர்மார் கலகம் பண்ணிட்டா. ஆறெல்லாம் கரை பொரண்டு ஓடறது. இந்த மழைல குதிரைப்படை வராதுன்னு அவா தைரியம். ஹைதர் வந்தான். எப்படின்னு அவன் கூடவே இருந்த பிரெஞ்சுக்காரன் ஒருத்தன் எழுதி வெச்சிருக்கான். 3,000 குதிரை, ஒண்ணுத்துக்கும் சேணம் கெடையாது, வெறும் முதுகு. 10,000 காலாள், அவாளுக்கு சின்ன நிஜார் ஒண்ணுதான். ஆளுக்கொரு மெழுகுத்துணிக் குடை. கூட 300 வெள்ளைக்காரா, அவாளும் அதே கோலம். யோசிச்சுப் பாரு, வாளையார் வழியா இடுப்புல ஒரு முழத்துணியும் கையில குடையுமா பத்தாயிரம் பேர் வரா. அன்னிக்கு மட்டும் கேமரா இருந்திருந்தா உன் ‘வீரமும் கம்பீரமும்’ தலைப்பை எங்கே போயி ஒட்டறது? சேணம் நனைஞ்சா கனக்கும், குதிரை முதுகு புண்ணாப் போகும்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருந்தது. படிப்பறிவு இல்லாதவன், பேரைக் கூட நேரா எழுதத் தெரியாதுன்னுவா. ஆனா எதைக் கழட்டி வெக்கணும்னு தெரிஞ்சிருந்தது. ஆறு லென்ஸ்ல அஞ்சைத் திண்ணைலயே வெச்சுட்டுப் போ.

நீளமா ஒண்ணு இருக்கே, 200-ன்னு எழுதியிருக்கே, அது மதி. அகலமாக் காட்டறதை எடுத்துண்டு பக்கத்துல போயி நீட்டாதே. குதிரை மூக்கு சக்கைப்பழமா வீங்கிக் கண்ணு ரெண்டும் எங்கேயோ ஒதுங்கிப் போகும். அப்பறம் குதிரைக்காரன் அந்தப் படத்தைப் பார்த்தான்னா உன் மூக்கும் வீங்கும்.

இனிமே சொல்லறதுதான் சூட்சுமம், காதைத் தீட்டிண்டு கேளு. சென்னைல எந்த கிளாஸ்லயும் சொல்லிக் குடுக்க மாட்டா. பாலக்காடுன்னா காத்து. வடக்கே நீலகிரி, தெக்கே ஆனைமலை, நடுவுல சுவரு இடிஞ்சுபோன எடம் நம்மூர். 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே கெடையாது. மார்கழி தையில கெழக்கேர்ந்து வரற காத்து அந்த வழியாத்தான் புகுந்து அடிக்கும். கஞ்சிக்கோட்டுல காத்தாடி நட்டு கரண்ட் எடுக்கறானே, அது எதனாலன்னு நெனச்சே? இப்போ குதிரையோட கொணம் என்னன்னா, காத்து பலமா வீசினா அது மூஞ்சியைக் குடுக்காது. திரும்பி நின்னு, பின்பக்கத்தைக் காத்துக்குக் காட்டி, வாலைக் கவட்டுக்குள்ள இடுக்கிண்டு நிக்கும்.

நீ என்ன பண்ணுவே? காலம்பர எழுந்து போவே. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கணும்னு எவனோ பொஸ்தகத்துல எழுதியிருப்பான், அதனால கெழக்கால போயி நிப்பே. வெளிச்சம் அமோகமா விழும். எதுமேல? வரிசையா நாலு பிருஷ்டத்து மேல. அதைக் கொண்டுபோய் கண்காட்சில மாட்டு. மேக்கால நின்னா மூஞ்சி தெரியும், ஆனா சூரியன் உன் லென்ஸுக்குள்ள வரும். தையில காலம்பர போறதே தண்டம். சாயங்காலம் போ. சூரியன் மேக்கே சாஞ்சிருக்கும், காத்து கெழக்கேர்ந்து வரும், குதிரை தானா மேக்கே பார்த்து நிக்கும். நீயும் மேக்கால நின்னுக்கோ. மூஞ்சி, வெளிச்சம் ரெண்டும் ஒண்ணா விழும். எடவப்பாதி மழைக்காலத்துல வந்தயானா இதை அப்படியே மாத்திக்கோ. காத்து மேக்கேர்ந்து வரும், குதிரை கெழக்கே பார்க்கும், காலம்பர வெளிச்சம் நேரா நெத்தில விழும். வெளிச்சம் இருந்தா, அதாவது. எடவப்பாதில சூரியனைப் பார்க்க தபால் போட்டுத்தான் வரவெக்கணும்.

கிட்ட போறதுக்கும் ஒரு மொறை உண்டு. குதிரைக்குக் கண்ணு பக்கவாட்டுல. உலகத்தையே சுத்திப் பார்க்கும், ஆனா மூக்குக்கு நேர் முன்னால கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால கொஞ்சம், இந்த ரெண்டு எடம் அதுக்குக் குருடு. நீ போட்டோவுக்கு நிக்க ஆசைப்படறது கரெக்டா அந்த ரெண்டு எடத்துலதான். குதிரை கொணம் தெரிஞ்சுதான் பகவான் கொம்பு குடுக்கலைம்பா. காலைக் குடுத்திருக்கானே, அது போறாதா? தோளுக்கு நேரா, சாய்வா, மெள்ளப் பேசிண்டே போ. என்ன பேசறதுன்னு கேக்காதே. உன் ஆபீஸ் கதையைச் சொல்லு, அது நின்னுண்டே தூங்கிடும். நெசமாத்தான் சொல்லறேன், கால் மூட்டைப் பூட்டிண்டு நின்னபடியே தூங்கத் தெரிஞ்ச பிராணி. காதைப் பார்த்துண்டே இரு. முன்னால நீட்டினா ‘யாரு இது கோமாளி’ன்னு விசாரிக்கறது. ஒண்ணு முன்னால ஒண்ணு பின்னாலன்னா யோசனை. ரெண்டும் பின்னால படுத்துடுத்துன்னா லென்ஸைக் காப்பாத்தாதே, முட்டியைக் காப்பாத்திக்கோ.

மேயற குதிரையை நின்னுண்டு எடுத்தா அதோட முதுகும் கிரிக்கெட் ஸ்டம்பும்தான் விழும். தரைல உக்காரு. உக்காந்தா ஒரு சத்தம் கேக்கும், கறுக் கறுக்னு. மாடு நாக்கால சுருட்டிப் பிடுங்கும். மாட்டுக்கு மேல் முன்பல்லு கெடையாது. குதிரைக்கு ரெண்டு வரிசையும் உண்டு, ஒதட்டால தடவித் தேடி, பல்லால ஒட்ட நறுக்கும். அந்த ஒதடு புல்லைத் தேர்ந்தெடுக்கறதைப் பார்த்தயானா உங்கம்மா மார்க்கெட்டுல வெண்டைக்காயை ஒடிச்சுப் பார்க்கறது ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும். அதைப் படம் எடுடா. எத்தனையோ பேர் எத்தனையோ குதிரையை எடுத்திருக்கான், அந்த ஒதட்டை எடுத்தவன் கொறச்சல். நடுநடுவுல நாலு அடி நடக்கும், தலையைத் தூக்கும், சுத்திப் பார்க்கும், திரும்பக் குனியும். அது தானாத் தூக்கும்போது எடுத்துக்கோ. விசில் அடிக்காதே, கையைத் தட்டாதே, கல்லை விட்டெறியாதே. தட்டித் தூக்க வெச்ச தலை படத்துல தெரிஞ்சு போகும்.

அப்பறம், குதிரைக்கு சொந்தக்காரன் உண்டு. மைதானத்துல தனியா மேயறதைப் பார்த்து ‘காட்டுக் குதிரை, சுதந்திரப் பறவை’ன்னு ஆரம்பிக்காதே. முன்னங்கால் ரெண்டையும் பாரு, தளை போட்டிருப்பான். குதிச்சுக் குதிச்சுத்தான் நகரும். அந்தக் கயித்தைப் புல்லுல மறைச்சுப் படம் எடுத்து ‘விடுதலை’ன்னு பேர் வெக்கறது ஒரு பெழைப்பா? சொந்தக்காரன் எங்கேயாவது மரத்தடில பீடி புடிச்சுண்டிருப்பான். போயி, ‘சேட்டா, ஒரு படம் எடுத்தோட்டே’ன்னு மரியாதையாக் கேளு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏத்த, புள்ளைகளை ஒரு சுத்து சுத்த, அதுல வர காசுலதான் அவனும் முதிரை வாங்கறான். கையில நூறு ரூபா வெச்சாலும் நன்னா இருக்கும், அடுத்த தரம் வரும்போது பிரிண்ட் போட்ட படம் ஒண்ணு குடுத்தா இன்னும் நன்னா இருக்கும். ‘வாட்ஸப்ல அனுப்பறேன்’னு சொல்லிட்டு மறக்கற ஜாதி நீங்க. தேருக்கு வந்து எங்க தெருல ஏணி போட்டு ஏறி நின்னு எடுத்தானே, எத்தனை பேர் ஒரு படம் அனுப்பினான்? வடம் புடிக்கறவா வழிலயே நின்னுண்டு ‘கொஞ்சம் நகருங்கோ’ன்னு அவாளையே வெரட்டினான். பின்னால ஆனை தேரை முட்டித் தள்ளிண்டு வரது. முன்னால இவன் ஃபோகஸ் பண்ணிண்டு நிக்கறான். விஸ்வநாதஸ்வாமிதான் காப்பாத்தினார்.

அதுக்குத் திங்க ஒண்ணும் குடுக்காதே. ஆஞ்சநேயர் கோவில் பிரசாதத்தை நீட்டிப் பக்கத்துல வரவழைக்கலாம்னு ஒரு யோசனை உனக்கு வரும், எனக்குத் தெரியும். வடை ஆஞ்சநேயருக்கு. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, கேட்டயோ. ஒத்துக்காதது உள்ள போச்சுன்னா வெளில வர வழியில்லை. வயித்துவலில உருண்டு பொரண்டு செத்தே போகும். உன் ஒரு லைக்குக்கு ஒருத்தன் வயித்துப்பாட்டை எடுத்துடாதே. கோட்டைக்குள்ள போனா அது தொல்லியல் துறை எடமாக்கும். முக்காலியை நட்டா காவல்காரன் அனுமதிச் சீட்டு கேப்பான். கேட்டா ‘நான் ஆர்டிஸ்ட்’னு சொல்லாதே. பேசாம மடக்கி வெச்சுடு.

நேத்து ராத்திரி இன்னொண்ணு சொன்னயே, புகை குண்டு வாங்கிண்டு வந்திருக்கேன், பின்னால போட்டா யுத்தம் நடந்த சாயல் வரும்னு. அடேயப்பா. இந்தப் புத்தி உன்னோட தொடங்கினதில்லை. 1855-ல கிரிமியா யுத்தத்துக்கு ரோஜர் ஃபென்டன்னு ஒரு இங்கிலீஷ்காரன் கேமராவைத் தூக்கிண்டு போனான். ஒயின் வியாபாரியோட பழைய வண்டியை வாங்கி, அதை இருட்டறையா மாத்தி, குதிரை பூட்டி ஓட்டிண்டு போனான். அந்தக் காலத்துல படம் பதியறதுக்கு நொடிக்கணக்குல ஆகும். அதனால சண்டையை எடுக்க முடியாது, ஓடற குதிரையும் விழாது. ஆளில்லாத ஒரு பள்ளத்தாக்கை எடுத்தான். அதே எடத்துல, அதே கோணத்துல ரெண்டு படம் இருக்கு. ஒண்ணுல பீரங்கிக் குண்டெல்லாம் ரோட்டோரப் பள்ளத்துல கெடக்கு. இன்னொண்ணுல ரோடு மேலயே எறைஞ்சு கெடக்கு. குண்டு தானா உருண்டு ஏறுமா? எந்தப் படம் மொதல்ல எடுத்ததுன்னு நூத்தம்பது வருஷம் கழிச்சும் சண்டை போட்டா. கல்லு நகர்ந்திருக்கறதைப் பார்த்து, காலி ரோடுதான் மொதல்னு சொன்னா. அந்த மனுஷனாவது நெசமான குண்டைத்தான் நகர்த்தியிருப்பான். நீ சிவகாசிப் புகையை மைதானத்துல போடப்போறே. குதிரை தளையோட குதிக்கும், பேட்டைப் போட்டுட்டு பசங்க ஓடுவா, போலீஸ் வரும். அங்கே யுத்தம் ஆரம்பிச்சா ஜாமீனுக்கு என்னைக் கூப்பிடாதே.

பாயற குதிரைதான் வேணும்னா அதுக்கும் எடம் சொல்லறேன். நம்ம ஜில்லா சித்தூர் பக்கத்துல தத்தமங்கலம். அங்காடி வேலான்னு திருவிழா, அதுல குதிரையோட்டம் நடக்கும். ஜனம் ரெண்டு பக்கமும் நெருக்கிண்டு நிக்க, நடுவுல குதிரை பறக்கும். 2021 ஏப்ரல்ல கொரோனா கட்டுப்பாட்டையும் மீறி நடத்திப் போலீஸ் கேஸ் வரைக்கும் போச்சு, அவ்வளவு வெறி. சித்தூர்லயே கும்ப மாசத்துல கொங்கன்படைன்னு ஒரு உற்சவம் உண்டு. கொங்குநாட்டுப் படை வந்ததையும் பகவதி அருளால அதைத் தோக்கடிச்சதையும் வருஷாவருஷம் நடிச்சுக் காட்டுவா. உன் அப்பா வழி கோயமுத்தூர்க்காராளாச்சே, அங்கே போனா எந்தப் பக்கம் நிக்கணும்னு மொதல்லயே தீர்மானம் பண்ணிக்கோ.

ஆனா ஓடற குதிரையை எடுக்கறதுல ஒரு பெருமையும் இல்லை இப்போ. 1878-ல அமெரிக்காவுல மைப்ரிட்ஜ்னு ஒருத்தன் 12 கேமராவை வரிசையா வெச்சு, ஓடுதளத்துக்குக் குறுக்கே நூலைக் கட்டி, குதிரை ஓட ஓட நூல் அறுந்து படம் விழற மாதிரி பண்ணினான். நாலு காலும் ஒரே சமயத்துல அந்தரத்துல நிக்கறதுன்னு அப்போதான் நிச்சயமாச்சு. அதுவும் காலை நீட்டிப் பறக்கும்போது இல்லை, வயித்துக்கு அடில மடக்கும்போது. அதுவரைக்கும் பெரிய பெரிய ஓவியன்மார் எல்லாம் முன்னங்காலை முன்னாலயும் பின்னங்காலைப் பின்னாலயும் நீட்டித் தப்பாத்தான் வரைஞ்சுண்டிருந்தா. ஓட்டத்தைப் பத்தி அன்னிக்கே எல்லாம் தெரிஞ்சுபோச்சு. மேயறதைப் பத்தித்தான் யாரும் பன்னண்டு கேமரா வெக்கலை.

சொந்தக்காரன் இல்லாத குதிரைதான் வேணும்னு அடம் புடிச்சா கோடியக்கரைக்குப் போ, சரணாலயத்துல காட்டுக்குதிரை திரியறது. கடல் தாண்டணும்னா யாழ்ப்பாணத்துப் பக்கம் நெடுந்தீவு, குறிகட்டுவான்லேர்ந்து படகு. போர்த்துகீசியன், டச்சுக்காரன் காலத்துல கொண்டுவந்த குதிரைகளோட வம்சம் அங்கே வறண்ட பொட்டல்ல மேஞ்சுண்டிருக்கு. யுத்தத்தோட சம்பந்தம் கட்டாயம் வேணும்னா அஸ்ஸாம்ல திப்ரு சைகோவா. ரெண்டாவது உலகயுத்தத்துல பட்டாளம் விட்டுட்டுப் போன குதிரைகளோட சந்ததி ஆத்துத் திட்டுல மேயறதும்பா. யுத்தம் முடிஞ்சதும் வீரனுக்கு மெடல் குடுத்தா, குதிரையை அவிழ்த்து விட்டா. எது லாபம்னு நீயே யோசி. ஆனா அங்கெல்லாம் போக உன் கையில லீவும் இல்லை, உங்கப்பன் கையில காசும் இல்லை. மைதானமே கதி.

மணி மூணரை. நாலரைக்கு மேல கிரிக்கெட் பசங்க எண்ணிக்கை கூடிடும், குதிரையைக் குதிரைக்காரன் ஓரமாத் தள்ளிடுவான். பாட்டி காப்பி கலந்துண்டிருக்கா, குடிச்சுட்டு உடனே கெளம்பு. புகை குண்டை இங்கே குடு, தீபாவளிக்கு ஆகும். ஆட்டோக்காரன் நூத்தம்பது கேப்பான், எம்பது சொல்லு. சாமூதிரி பண்ணின மாதிரி ஒத்துண்டுட்டுக் குடுக்காம மட்டும் வராதே, இந்தத் தெருல எல்லாருக்கும் அவனைத் தெரியும், வசூலுக்கு என் கிட்டதான் வருவான்.